எப்போதும் தோற்கும் ஊர்க் கபடி அணி: ரசிகர்கள்தான் காரணமா?

14 ஏப்ரல் 2025 – ஒரு வாசகரின் கேள்வி

தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் அணியை விடாமல் கொண்டாடுகிற ரசிகர்கள்தான் அந்த அணி தேறாமல் போவதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். தோற்றாலும் கைதட்டல் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் யார் மாறப் போகிறார்கள்? புரோ கபடி லீக்கில் ஆடும் தமிழ் தலைவாஸ் அணியைப் பார்த்துத்தான் எனக்கு இப்படித் தோன்றியது. ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஊர்க் கபடி பார்ப்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் அனுபவம் என்ன?

15 ஏப்ரல், இரவு

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையில் உள்ள ஒரு மீனவர் ஊர் எனக்கு. பெயரைச் சொன்னால் போட்டி நடத்தும் ஊர்களில் ஒவ்வோர் அணியும் முதல் சுற்றில் எங்களைத்தான் எதிரணியாகக் கேட்டு வாங்கும் என்பதால் சொல்லவில்லை. இன்றைக்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை 61 நாள்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஆகவே இன்று முதல் எங்கள் கரையில் கபடிக் காலம்.

முதலில் தலைவாஸ். 2017-இல் புரோ கபடிக்குள் வந்த அணி, முதல் மூன்று பருவங்களிலும் அட்டவணையின் அடிமட்டத்தில்தான் முடித்தது. அவற்றில் மூன்றாவதான 2019-இல் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லர் என்று பெரிய பெயர்களை ஒன்றாக நிறுத்தியும் கடைசி இடம்தான் கிடைத்தது. 2022-இல் 2 கோடியே 26 லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டு வெளியேற, அதுவரை பலரும் கேள்விப்பட்டிராத நரேந்தர் கண்டோலா என்ற இளைஞர் அணியைத் தூக்கிக்கொண்டு அரையிறுதி வரை போனார். அங்கே புனேரி பல்தானிடம் 37–39 என்று தோற்றார்கள். இவற்றில் எந்த ஆட்டத்தின் முடிவையும் ரசிகரின் கைதட்டல் கூட்டவோ குறைக்கவோ இல்லை. அது முதலாளிகள் ஏலத்தில் எடுக்கும் அணி. ரசிகருக்கு அங்கே பார்வையாளர் என்பதற்கு மேல் வேலை கிடையாது. உங்கள் குற்றச்சாட்டை அங்கே வைத்தால் ஒட்டாது.

எங்கள் ஊரில் வைத்தால் ஒட்டுமா என்பதுதான் கேள்வி. அதை யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

16 ஏப்ரல்

நேற்று எழுதாமல் விட்ட ஒன்று. தமிழர்கள் கோப்பை வெல்லாமல் இல்லை. 2014-இல் ஜெய்ப்பூர் அணி முதல் கோப்பையை வென்றபோது அதன் பயிற்சியாளர் கே. பாஸ்கரன். 2016-இல் பாட்னா அணிக்குத் தலைமை ஏற்றுக் கோப்பையைத் தூக்கியவர் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தர்மராஜ் சேரலாதன். தமிழ் என்ற பெயரைத் தாங்கிய அணிக்குத்தான் இன்னும் வாய்க்கவில்லை.

22 ஏப்ரல், இரவு

எங்கள் அணி ஏன் தோற்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரசிகரின் பாவ புண்ணியத்தைப் பிறகு பார்க்கலாம்.

இந்தப் பக்கத்து ஊர்ப் போட்டிகள் பெரும்பாலும் இரவு முழுக்க நடப்பவை. நோட்டீசில் மாலை ஆறு மணி என்று அச்சடித்திருக்கும். சாமி கும்பிட்டு, விருந்தினருக்குத் துண்டு போட்டு, ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்துப் பேசி முடித்து முதல் ஆட்டம் தொடங்கும்போது ஒன்பதைத் தாண்டிவிடும். எங்கள் பையன்கள் பத்து, பதினொரு மணிக்கு ஆடும் முதல் சுற்றை அநேகமாக வென்றுவிடுவார்கள். இரண்டாம் சுற்று வருவதற்குள் மணி இரண்டு ஆகிவிடும். காலிறுதி விடியற்காலையில். எங்கள் ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் முந்தைய மாலை நண்டு வலை பாய்ச்சிவிட்டு வந்தவர்கள், விடிவதற்கு முன் போய் அதை எடுத்தாக வேண்டியவர்கள். வலையை நேரத்துக்கு எடுக்காவிட்டால் நண்டு செத்துவிடும், செத்த நண்டுக்குக் கம்பெனிக்காரர்கள் விலை தர மாட்டார்கள். ஆகவே இரண்டாம் சுற்றில் தடுத்துப் பிடிக்க நிற்கும் எங்கள் கவர் ஆட்டக்காரனின் கண், பாடி வரும் ரைடரின் காலைப் பார்க்காது, கிழக்கு வெளுக்கிறதா என்று பார்க்கும். எதிரணியோ பகலெல்லாம் தூங்கிவிட்டு வேனில் வந்து இறங்கியிருக்கும்.

முதல் சுற்றில் வெல்வோம், பொழுது விடிவதற்குள் தோற்போம். எங்கள் வரலாற்றை எழுதச் சொன்னால் இந்த ஒரு வரி போதும்.

23 ஏப்ரல்

தடைக்காலத்தில் மீனவர்கள் ஓய்வாகத்தானே இருப்பீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தடை விசைப்படகுகளுக்குத்தான். வல்லம், வத்தை போன்ற நாட்டுப்படகுகள் வைத்திருப்பவர்களுக்கு அது கிடையாது. சொல்லப்போனால் இந்த இரண்டு மாதத்தில்தான் நாட்டுப்படகு மீனுக்கும் நண்டுக்கும் நல்ல விலை. விசைப்படகுக்குப் போகும் பையன்கள் சும்மா இருப்பார்கள், நாட்டுப்படகுப் பையன்கள் மும்முரமாக இருப்பார்கள். எங்கள் தடுப்பாட்டக்காரர்களில் பெரும்பாலோர் விசைப்படகு, ரைடர்கள் எல்லாம் வத்தை. பயிற்சிக்கு ஏழு பேரை ஒரே மாலையில் ஒன்றாகச் சேர்ப்பதே பெரும்பாடு.

3 மே

மணலில் ஆடிப் பழகுவது நல்லதுதானே என்று கேட்டவருக்கு: ஆம், கடற்கரை மணலில் ஆடிப் பழகினால் கெண்டைக்கால் இரும்பாகும். ஆனால் மணலில் காலை ஊன்றி உதைத்துத் திரும்ப முடியாது. உதைத்த கால் புதையும். அப்படிப் பழகியவன் செம்மண்ணும் கண்மாய் மண்ணும் கலந்து கெட்டித்த களத்தில் ஏறினால், எதிராளி அரை நொடி முன்னதாகவே வந்து சேருவதாகத் தோன்றும். மேட் எனப்படும் விரிப்புக் களம் என்றால் நிலைமை இன்னும் மோசம். மாவட்டத் தேர்வுகள் அந்த விரிப்பில்தான் நடக்கின்றன. எங்கள் பையன்களில் பாதிப் பேரிடம் அதற்கான ஷூ கிடையாது.

கச்சான் என்னும் மேல்காற்றும் இப்போது கிளம்பிவிட்டது. மாலையில் பயிற்சி என்றால் கண்ணில் மணலோடுதான்.

11 மே, இரவு

கேட்டவரின் குற்றச்சாட்டு எங்கள் ஊருக்குப் பொருந்துமா என்று யோசிக்கும்போதெல்லாம் ஓர் ஆட்டம் நினைவுக்கு வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது, எந்த ஊர் என்பது வேண்டாம். இரண்டாம் சுற்று. வழக்கத்துக்கு மாறாக நாங்கள் 27–26 என்று ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தோம். ஆட்டம் முடிய நாற்பது நொடி என்று மைக்கில் அறிவித்தார்கள். ரைடு எங்களுடையது. கபடி தெரிந்த யாரும் சொல்லிவிடுவார்கள்: ரைடுக்கு முப்பது நொடி உண்டு, எதிர்க்களத்தின் முதல் கோட்டைக் கடந்து போய், எவன் கைக்கும் எட்டாமல் இங்கும் அங்கும் ஆடி நேரத்தைத் தின்றுவிட்டுத் திரும்பி வந்தால் போதும், பிறகு அவர்களுக்கு மிஞ்சுவது ஒரே ஒரு அவசர ரைடு.

எங்கள் ரைடர் போனான். நல்ல பையன், உயரம், கால் நீளம். 'கபடி கபடி' என்ற பாட்டு விடாமல் தெளிவாகக் கேட்டது. இடது ஓரத்தில் தடுக்க நிற்கும் இடது கார்னரை இரண்டு முறை ஏமாற்றினான். நாங்கள் எல்லோரும் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தோம். பத்து, பதினொன்று. அப்போது அவன் இடக்காலைத் தூக்கிக்கொண்டு வலக்காலை நீட்டி, கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டுக்கு அப்பால் கட்டைவிரலை வைத்தான். அழகான போனஸ்தான், காலடித் தடம் செம்மண்ணில் அச்சாகப் பதிந்திருந்தது. எதிர்க்களத்தில் ஆறு பேராவது நின்றால்தான் போனஸ் செல்லும். நின்றவர்கள் ஐந்து பேர். நீட்டிய காலின் கணுக்காலை வலது கார்னர் இரண்டு கையாலும் அள்ளிவிட்டான், அதற்கு மேல் மூன்று பேர் விழுந்தார்கள். 27–27. அவர்களுடைய கடைசி ரைடில் எங்கள் கவர் ஆட்டக்காரன் தோளில் ஒரு தொடுகை. 27–28.

கூட்டம் ஒரு கணம் என்ன நடந்தது என்று புரியாமல் நின்றது. முதலில் வாயைத் திறந்தவர் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர்: "ஏலே, போனசுக்கு ஆறு பேரு வேணும்லே. எண்ணத் தெரியாதாலே ஒனக்கு?" சிரிக்கக் கூடாத நேரத்தில் மொத்த ஊரும் சிரித்துவிட்டது.

12 மே

நேரம் முடிந்த பின் அந்தத் தொடுகை எப்படிச் செல்லும் என்று கேட்டவருக்கு: நேரத்துக்குள் தொடங்கிவிட்ட ரைடு, முடியும் வரை செல்லும். சமனில் முடிந்திருந்தால் அணிக்கு ஐந்து ரைடு கொடுத்திருப்பார்கள். அந்தப் பாக்கியமும் எங்களுக்கு இல்லை. நோட்டீசின் அடியில் எப்போதும் போல "நடுவர் தீர்ப்பே இறுதியானது" என்று இருந்தது; நாங்களும் சண்டைக்குப் போகவில்லை.

13 மே, அதிகாலை

தூக்கம் வரவில்லை. மேலே எழுதிய கதையை நானே மறுபடியும் படித்துப் பார்த்தேன். எவ்வளவு சுவையாகச் சொல்லியிருக்கிறேன். எங்கள் ஊர் டீக்கடையில் இதைச் சொல்லாத ஆள் இல்லை. ஒவ்வொருவரும் சொல்லும்போது கட்டைவிரல் இன்னும் கொஞ்சம் தள்ளி விழும், பெரியவரின் வசவு இன்னும் ஒரு வரி நீளும். அந்த ரைடர் கடைப்பக்கம் வந்தால் யாராவது ஆறு விரலைக் காட்டுவார்கள். டீ கேட்டால் "ஆறு டீயா?" என்பார்கள். முதலில் அவனும் சிரித்தான். பிறகு கடைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான். இப்போது அவன் ரைடே போவதில்லை. இடது கார்னரில் மட்டும் நிற்பேன் என்கிறான். பயிற்சி கொடுக்கும் சித்தப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "வேணாம் சித்தப்பா, நான் காலைப் பிடிக்கிறேன், அது போதும்" என்று முடித்துக்கொண்டான்.

கேட்டவர் சொன்னது கைதட்டலைப் பற்றி. எங்கள் ஊரில் தோல்விக்கு யாரும் கைதட்டுவதில்லை. நாங்கள் செய்வது அதைவிடக் கெட்டது என்று இப்போது படுகிறது: தோல்வியைக் கதையாக்கி வைத்துக்கொள்கிறோம். ஜெயித்த முதல் சுற்று ஒன்றைப் பற்றி யாராவது கதை சொல்லிக் கேட்டிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன்; ஒன்றும் அகப்படவில்லை. எங்களுக்குப் பொழுது போகிறது. ஆடிய பையனுக்கு அது முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. விடாத ரசிகர்கள் என்று எங்களை நாங்களே மெச்சிக்கொள்கிறோமே, அந்த விடாமைக்கு இப்படியும் ஒரு முகம் இருக்கிறது.

ஆகவே கேட்டவருக்குப் பாதி மதிப்பெண்.

18 மே

அந்தப் பாதிக்கு மேல் ஏன் தரமாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நகரத்து ரசிகருக்கு அணி பிடிக்கவில்லை என்றால் டிக்கெட் வாங்காமல் விடலாம், டிவியில் வேறு சேனலுக்கு மாற்றலாம். எங்கள் அணியில் ஆடுபவன் என் அக்காள் மகன். அவனுக்கு அடுத்து நிற்பவன் என் பழைய படகுப் பங்காளியின் மகன். நுழைவுக் கட்டணம் கட்டுவது நாங்கள், குட்டியானைக்கு டீசல் போடுவது நாங்கள், விழுந்து கை பிசகினால் இரவோடு இரவாக ராமநாதபுரத்துக்குக் கொண்டு ஓடுவதும் நாங்கள். இதில் யார் ரசிகன், யார் நிர்வாகி, யார் சொந்தக்காரன் என்று பிரிக்க முடியாது. ஆதரவை விலக்கிக்கொண்டால் அணி திருந்தும் என்கிறீர்கள். எங்கள் ஆதரவை விலக்கினால் அணியே இருக்காது. பக்கத்து ஊர் ஒன்றில் அப்படித்தான் ஆயிற்று. ஜெர்சி மட்டும் எங்கோ ஒரு வீட்டுப் பரணில் இருக்கிறது.

இன்று ஊர்க் கூட்டத்தில் வெளியூர் ஆட்டக்காரர்களைப் பற்றிய பேச்சு மறுபடியும் வந்தது. இந்தப் பக்கம் கோப்பை வாங்கும் அணிகள் பலவும் தஞ்சாவூர், மதுரைப் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று பேரைச் சம்பளம் பேசிக் கூட்டி வருகின்றன. ஒரே ஊர் ஆட்டக்காரர்கள், ஆதார் அசல் அவசியம் என்று நோட்டீசில் போடும் ஊர்களும் உண்டு. அங்கே நாங்கள் கொஞ்சம் தேறுவோம். இளைஞர்கள் நாங்களும் ஆள் எடுப்போம் என்றார்கள். ஒரு வருடமாவது கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வர வேண்டும் என்றார்கள். நியாயமான ஆசைதான். அதற்குச் சித்தப்பா, "ரெண்டு பேரை வெளியிலிருந்து எடுத்தா நம்ம பையனுக ரெண்டு பேரு வெளிய உக்காரணும். எவன் மகனை உக்கார வைக்கிறதுன்னு மொதல்ல சொல்லுங்க மாப்ளே" என்றார். யாரும் பெயர் சொல்லவில்லை. கூட்டம் மீன் ஏலத் தரகைப் பற்றிய பேச்சுக்குத் தாவிவிட்டது.

25 மே

எங்கள் ஊரைச் சேர்ந்த, இப்போது திருமணமாகி வெளியூரில் இருக்கும் ஒரு வாசகி எழுதியிருப்பது இந்த இழையிலேயே எனக்கு உறைத்த பதிவு. "ஊர் அணி எப்போதும் தோற்கும் என்று அண்ணன் எழுதுகிறீர்கள். நாங்கள் பள்ளியில் ஆடியபோது குறுவட்டப் போட்டியில் ஜெயித்து மாவட்டம் வரை போனோம். அதில் ஐந்து பேர் நம் ஊர்ப் பெண்கள். அது உங்கள் கணக்கில் இல்லையா?"

அது பள்ளி அணி என்று முதலில் பதில் எழுதத் தொடங்கினேன். ஏழில் ஐந்து பேர் ஓர் ஊர் என்றால் அதை வேறு என்னவென்று சொல்வது? எங்கள் ஆண்கள் அணியிலேயே சில நேரம் அம்மா ஊர், அத்தை ஊர் என்று இரண்டு பேர் இருப்பார்கள். பெண்களின் களம் சிறியது, 12-க்கு 8 மீட்டர். ஆனால் ஆட்டம் பகலில், நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடியும். நண்டு வலையின் குறுக்கீடு கிடையாது. அவர்கள் ஜெயித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்தப் போட்டிக்கு ஊரிலிருந்து குட்டியானை எதுவும் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாரும் பார்க்கப் போகாத அணி ஜெயித்தது, ஊரே திரண்டு போன அணி தோற்றது. கேட்டவர் இதை வைத்துத் தன் வாதத்தை வலுப்படுத்திக்கொள்ளலாம், எனக்குத் தடையில்லை.

2 ஜூன்

புரோ கபடி ஆட்டக்காரர்கள் ஏலம் முடிந்துவிட்டது. பவன் செராவத்தை 59.5 லட்சத்துக்குத் தலைவாஸ் மறுபடியும் வாங்கியிருக்கிறது. அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேல். டீக்கடையில் இன்று எல்லோரும் இந்த வருடம் நிச்சயம் என்கிறார்கள். 2019-இலும் இதையே சொன்னார்கள், அதே பெஞ்சில்.

4 ஜூன், காலை

நேற்று இரவு அகமதாபாத்தில் பஞ்சாபை 6 ரன்னில் வென்று பெங்களூரு அணி ஐபிஎல் கோப்பையைத் தூக்கிவிட்டது. பதினெட்டாவது பருவம். 2009, 2011, 2016 என்று மூன்று இறுதி ஆட்டங்களில் தோற்ற பிறகு. எங்கள் ஊரில் பெங்களூரு ரசிகன் ஒரே ஒருவன்தான். சென்னை ரசிகர்களிடம் இத்தனை வருடம் அவன் பட்டபாடு சொல்லி முடியாது. நேற்று நள்ளிரவில் படகு எஞ்சினை ஓடவிட்டு ஊரையே எழுப்பினான். ஒருவரும் திட்டவில்லை.

கேட்டவர் இதைக் காட்டி, பார்த்தீர்களா, பொறுத்தால் கிடைக்கும் என்று சொல்பவர்களை என்ன செய்வது என்று கேட்கிறார். எனக்கு அந்தக் கதை ஒட்டவில்லை. மூன்று இறுதி ஆட்டங்களுக்குப் போன அணியையும், கோலி ஆடும் அணியையும் தோற்கும் அணி என்று எங்கள் ஊரில் யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். எனக்கு நேற்று பஞ்சாப் பக்கம்தான் மனம் போனது. அவர்களும் முதல் பருவத்திலிருந்து ஆடுகிறார்கள், இன்னும் ஒரு கோப்பை இல்லை. அவர்களுடைய ரசிகன் ஒருவன் எங்கள் கரையில் இருந்திருந்தால் அவனுக்கு நானே டீ வாங்கிக் கொடுத்திருப்பேன்.

15 ஜூன்

நேற்றோடு தடை முடிந்தது. பனிக்கட்டியும் டீசலும் ஏற்றுகிறார்கள். தடைக்காலத்தின் கடைசிப் போட்டிக்கு முந்தாநாள் இரவு போயிருந்தோம். 60 கிலோ எடைப் பிரிவு. முதல் சுற்றில் வென்றோம். இரண்டாம் சுற்றில் தோற்றோம், இந்த முறை பெரிய வித்தியாசத்தில்; இரண்டு லோனா வாங்கினோம், அதாவது இரண்டு முறை எங்கள் ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் வெளியே போனார்கள். கதையாகச் சொல்ல அதில் எதுவும் இல்லை என்பது எனக்கு ஒரு வகையில் நிம்மதி.

முதல் சுற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எதிரணியின் ரைடர் நல்ல வேகக்காரன். அவன் எங்கள் இடது கார்னர் பக்கமாகவே வந்து போய்க்கொண்டிருந்தான். நான்காவது முறை வந்தபோது எங்கள் பையன் அவசரப்படவில்லை. ரைடர் எடையை முன்காலுக்கு மாற்றும் வரை காத்திருந்து, குனிந்து, குதிகாலுக்கு மேலே இரண்டு கையையும் கோத்து இறுக்கித் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். அதன் பிறகு அந்த ரைடர் அந்தப் பக்கம் வரவேயில்லை. பிடித்தவன்தான் அன்றைக்குப் போனஸ் போன பையன். திரும்பி வரும் வழியில் குட்டியானையில் அந்தப் பிடியைப் பற்றி நான் மூன்று பேரிடம் வலியப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். ஒருவர் கேட்டார். மற்ற இருவர் தூங்கிவிட்டார்கள்.

21 ஜூன்

முடிவாகச் சில விவரங்கள். விடிய விடிய நடக்கும் போட்டிகளுக்கு இனிமேல் நண்டு வலைக்குப் போகும் பையன்களை அனுப்புவதில்லை, அல்லது அன்று மாலை அவர்கள் வலை பாய்ச்சுவதில்லை, விட்டுப்போகும் வரும்படியை அணிக் கணக்கிலிருந்து கொடுப்பது என்று இளைஞர்கள் பேசி வைத்திருக்கிறார்கள். கணக்கில் பணம் இருக்கிறதா என்று நான் கேட்டேன். இல்லை என்றார்கள். வெளியூர் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்க நினைத்த பணம் எங்கிருந்து வருவதாக இருந்ததோ அங்கிருந்தே இதுவும் வரட்டும் என்றேன். இரண்டு படகுக்காரர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பள்ளிப் பெண்கள் அணிக்கு அடுத்த குறுவட்டப் போட்டி எப்போது என்று உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டுச் சொல்வதாக அந்த வாசகியின் தம்பி சொல்லியிருக்கிறான். வண்டிக்கு நான் பொறுப்பு.

கேள்வி கேட்டவர், ஒருநாள் நேரில் வந்து உங்கள் அணியைப் பார்க்கலாமா என்று தனியே கேட்டிருந்தார். தாராளமாக வாருங்கள். ஒன்பது மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள். அப்போதுதான் நாங்கள் ஜெயிப்பதைப் பார்க்க முடியும்.